கோட்டுப் பைக்குள் ஒரு பாட்டு

துவைக்கப் போடும் முன் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்ப்பது சுனிம்மின் வேலை. இருபது வருடச் சலவைக்கடையில் கல்யாண மோதிரத்திலிருந்து பல்செட் வரை அவள் கையில் அகப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை மதியம், மாதக்கணக்கில் யாரும் வாங்க வராத சாம்பல் நிறக் கோட்டை மறுபடி துவைக்கலாம் என்று எடுத்தாள். உட்பையில் சூடாக ஒரு போன் இருந்தது. அவள் கணவர் மன்சோக்கின் போன்.

திரையில் நார்த்டோர் பாட்டுக் குழுவின் புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பையன்களில் இடக்கோடியில் நிற்பவன் அவர்கள் மகன் தோயுல்.

மன்சோக் நீராவிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரே காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். மகன் கல்லூரியை விட்டுப் பாடப் போனதிலிருந்து அவனோடு பேசாத மனிதர்.

"என்னங்க, இது எத்தனை நாளா?"

"எது?"

"கோட்டு பாடுதே, அது."

"மூணு வாரமா. நீ தினம் பாட்டோட பட்டியல் நம்பரைச் சொல்லிப் புலம்பினா நான் என்ன பண்றது?"

அன்று மாலை ஆறு மணிக்குள், அதிகம் கேட்கப்படும் பாட்டுகளின் பட்டியலில் முதல் நூறுக்குள் வந்தால்தான் அடுத்த ரெக்கார்டிங் என்று பாட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது. மூன்று மணிப் பட்டியலில் நூற்று நான்கு.

சுனிம் போனை உற்றுப் பார்த்தாள். சத்தம் பூஜ்ஜியம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சத்தத்தை அணைச்சு வச்சா கேட்ட கணக்குல சேராதுங்க. ரசிகர் பொண்ணுங்க முதல் நாளே சொன்னாங்க."

இஸ்திரி நின்றது. "ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

அவர் முகம் தொங்கிப்போனது. சுனிம் சத்தத்தைக் கூட்டி, போனைக் கல்லாப் பக்கம் நிறுத்தி வைத்தாள். பாவாடைக்காகக் காத்திருந்த பழக்கடை இல்சுன் அம்மா விடவில்லை.

"மகன்கூடப் பேச மாட்டேன்னு ஊரெல்லாம் சொன்ன மனுஷன், கோட்டைத் தூது அனுப்பியிருக்காரா?"

"உங்க பாவாடையைத் தேய்க்கவா, வேணாமாக்கா?"

"தேய் தம்பி. சுனிம், என் போன்லயும் அந்தப் பாட்டைப் போட்டுக் குடு. பழம் விக்கிற வரைக்கும் பாடட்டும்."

ஐந்து மணிக்குள் மீன்கடை, அழகு நிலையம் எல்லாவற்றிலும் அதே பாட்டு, கடைக்கு ஒரு வரியாகக் கேட்டது.

மன்சோக் மெதுவாகக் கேட்டார். "இதுல நம்ம பையன் குரல் எது?"

சுனிம்முக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரம் ஓடவிட்டவர் ஒருமுறை கூடக் கேட்டதில்லை.

"ரெண்டாவது சரணம் முடிஞ்சதும். பதினோரு நொடிதான்."

அவர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். குரல் வந்தது, போனது.

"மறுபடி வை."

"தானா வரும். இருங்க."

ஆறு மணிப் பட்டியலில் தொண்ணூற்றெட்டு. சுனிம் அழுக்குத்துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் போன் அடித்தது. தோயுல். மன்சோக் எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் இரண்டு கைகளையும் மடியிலிருந்த சாம்பல் கோட்டின் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். அவரே காதில் வைத்தார்.

"அம்மா, பாத்தீங்களா?"

"அப்பா பேசறேன்."

"பாட்டு... கேட்டீங்களாப்பா?"

"இன்னைக்குத்தான் கேட்டேன். பதினோரு நொடி பத்தலை. அடுத்த பாட்டுல இன்னும் அதிகமாக் கேட்டு வாங்கு."