நீலச் சொட்டு

அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பிளந்த தோலைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டிலோ, லாரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன கணவனின் முதுகடியில் ஒரு படுக்கைப்புண் ஆழமாய் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வரும் நர்ஸ் தினமும் அதற்குள் மருந்துத் துணியைத் திணித்துவிட்டுப் போவாள். "அடியிலேர்ந்து நிரம்பி வரணும். அதுவரைக்கும் மேல மூடிடக் கூடாது" என்பாள். மூட வேண்டிய புண்ணைத் திறந்துவைக்க ஒரு படிப்பா என்று இவளுக்கு எரிச்சலாக வரும்.

தன் மகளின் பிரசவத்துக்காக நர்ஸ் விடுப்பில் போனாள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் இவள். நிலையத்தில் பணக்காரிகளின் முகத்துக்குப் பூசும் நீல சீரம் ஒன்று உண்டு. அதிலுள்ள பெப்டைடு என்ற புரதத் துணுக்கு நம் ரத்தத்திலேயே ஊறுவதுதான், வயது ஏற ஏறக் குறைந்துபோகும், செம்போடு சேர்ந்து தோலைப் புதுப்பிக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துணி திணிப்பதை நிறுத்தினாள்.

"மூஞ்சில பூசுறத எங்க பூசுற பாரு" என்று அவன் சிரித்தான்.

"உங்க மூஞ்சில பூசி இனிமே என்ன பிரயோசனம்?"

தோல் மளமளவென்று மூடியது. போனில் படமெடுத்துக் காட்டினாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் வெளியே போக வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு குளிர்க்காய்ச்சல் கண்டது. எத்தனை போர்வை போட்டும் பல் தந்தியடித்தது. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். வந்தவள் புதுத் தோலை விரலால் அழுத்தினாள். வீச்சத்தோடு சீழ் பீறிட்டது. எலும்புவரை போய்விட்டது என்றாள்.

"துணி வைக்கிறத யாரு நிறுத்தினது?"

இவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நான்தான் சிஸ்டர். தொல்லையா இருக்கு, வேணாம்னுட்டேன்."

நர்ஸ் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "சின்னப் புள்ளையா நீங்க? உங்களுக்காக மாடா உழைக்கிறா, அவ பேச்சையாவது கேட்டிருக்கலாம்ல?" அவன் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். உண்மை இவள் தொண்டைவரை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள், பாவி.

ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்கவேயில்லை.

எல்லாம் முடிந்த பிறகு துக்கம் கேட்க வந்த நர்ஸ், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா, அவர் பிடிவாதம்" என்றாள்.

அவள் அழுதுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.