வில்லங்கம் இல்லாத வீடு

"இந்த வீட்டை யாருக்காகக் கட்டினிய, மாமா?"

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது ஃபர்ஹத் போகிறபோக்கில்தான் கேட்டாள். வீட்டை விற்க வந்த செய்யிது அகமது உடனே பதில் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். அவரோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"எனக்குத்தான் புள்ள. வேற யாருக்கு?" என்றார்.

காயல்பட்டினத்தில் ஒரு ஆண்பிள்ளை தனக்கென்று வீடு கட்டினேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுகிற ஊர் அது. வீடு என்றால் பெண்ணுக்கு. வளைகுடாவில் வெயில் தின்று சம்பாதிக்கிறவன் முதலில் எழுப்புகிற சுவர் தங்கச்சிக்கு உள்ளது. செய்யிது அகமதும் கல்யாணமான நாளிலிருந்து மனைவி வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு இரண்டும் பையன்கள். அப்படியானால் முன்கட்டு, பின்கட்டு, பெண்கள் வந்துபோகத் தனி வாசல் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய இந்த வீட்டில் யார் இருக்கவேண்டும் என்று நினைத்துக் கட்டினார்?

கேள்வியை விழுங்கிவிட்டு ஃபர்ஹத் வீட்டை வாங்கிப் போட்டிருக்கலாம். பேச்சு முடிந்துவிட்டது, பதிவுக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அவளுக்கோ எதையும் விழுங்கத் தெரியாது, சின்னதிலிருந்தே அப்படி. வீட்டின் தேவையோ அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. உம்மா வீட்டில் நான்கு பெண்கள். நான்காவதாகப் பிறந்த அவளுக்குப் பின்கட்டில் ஒரே ஒரு அறை. இரண்டு மகள்களும் வளர்ந்து நிற்கிறார்கள். கணவன் உசாமா ரியாத்திலிருந்து விடுமுறைக்கு வந்தால், பிள்ளைகளை அக்கா பக்கம் படுக்க அனுப்பவேண்டியிருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகும். தன் அடுப்பில் தன் பாத்திரம் ஏறவேண்டும், அதற்கு மேல் அவள் எதையும் ஆசைப்படவில்லை.

உம்மாவிடம் கேட்டபோது பதில் சட்டென்று வந்தது. "அவருக்கு ஒரு தங்கச்சி உண்டே, ஜுபைதா பீவின்னு. கல்யாணமாகிக் கொஞ்ச நாளு அந்த வீட்டுலதான் இருந்தா. பொறவு மாப்பிள்ள மேலப்பாளையத்துல கடை வச்சு அங்கன கூட்டிட்டுப் போயிட்டாரு."

போனில் சொன்னதும் உசாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீ ஏன் கிடந்து தோண்டுதே? பத்திரம் அவரு பேருல. வில்லங்கச் சான்றிதழு சுத்தமா இருக்கு. எங்கூடப் படிச்சவன் அமெரிக்காவுல வீடு வாங்கும்போது டைட்டில் இன்சூரன்ஸ்னு ஒண்ணு எடுத்தானாம். பின்னால எவனாவது உரிமை கொண்டாடிட்டு வந்தா கம்பெனி பாத்துக்கிடுமாம். வக்கீல்கிட்ட அதைக் கேளு. மத்த யாருகிட்டயும் வாயத் தொறக்காதே."

கேட்டாள். பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஞானசிகாமணி வக்கீலின் அலுவலகம். அவர் நிதானமாகச் சொன்னார்.

"மத்த இன்சூரன்ஸ் எல்லாம் இனிமே நடக்கப்போறதுக்கும்மா. இது ஏற்கெனவே நடந்து, நமக்குத் தெரியாமக் கிடக்கிறதுக்கு. நம்ம பக்கம் தனி வீட்டுக்கு இதைக் குடுக்க ஆளைத் தேடணும். கிடைச்சாலும், உரிமைக்காரன் வந்தா வழக்குச் செலவும் நட்டஈடும் தருவாங்க. வீட்டை விட்டு எறங்கவே வேண்டாம்னு யாரும் எழுதித் தரமாட்டாங்க."

"முன்னாலயே தெரிஞ்சிருந்தா, சார்?"

"தெரிஞ்சு மறைச்சா சல்லிக்காசு வராது."

அவள் தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் பேனாவை மூடிவைத்தார். "ஒங்க சட்டத்துல ஹிபா உண்டுல்லா? தந்தேன்னு வாயால சொல்லி, அவங்க ஏத்துக்கிட்டு, வீட்டைக் கையில ஒப்படைச்சிட்டாப் போதும், தானம் செல்லும். பதிவு பண்ணணும்னு இல்ல. பதிவுக்கு வராதது வில்லங்கச் சான்றிதழ்ல வராது. அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் தெரியும்."

படியிறங்கும்போது ஃபர்ஹத்துக்குப் புத்தி இரண்டு பக்கமும் பேசியது. இந்த நிமிஷம் வரை கையில் இருப்பது வெறும் சந்தேகம். நேரே ஊருக்குப் பஸ் ஏறினால் அது சந்தேகமாகவே கிடக்கும். சட்டத்தின் கண்ணில் அவள் ஒன்றும் அறியாதவள். மகள்களுக்கு ஆளுக்கொரு அறை கிடைக்கும். மேலப்பாளையம் போய்க் கேட்டாலோ, கைக்கு வந்த வீடு கைநழுவிப் போகலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு மேலப்பாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

கடையை விசாரித்து வீட்டுக்குப் போனபோது ஜுபைதா பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வந்தவள் யார், எதற்கு வந்தாள் என்று கேட்டு முடித்ததும் அரிவாள்மனையை மடக்கினார்.

"விக்குதாங்களா? எங்கூடப் பிறந்த காக்காவா?"

"ஒங்களுக்குத் தெரியாதா, மாமி?"

"நிக்காஹ் அன்னைக்கு, கூடியிருந்த அத்தனை பேருக்கு முன்னாலயும், இது ஒனக்குன்னு சொல்லி என்னைக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எழுதித் தாங்கன்னு நானும் கேக்கல. கூடப்பிறந்தவங்ககிட்ட யாராவது எழுதி வாங்குவாளா?" தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். "அவுகளுக்கு ஏதோ கஷ்டம் போல. கேட்டிருந்தா நானே வித்துக்கோங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை கேக்கலயே."

பிறகு ஃபர்ஹத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீ எதுக்கு என்னைத் தேடி வந்தே? வாங்கிட்டுப் பேசாம இருந்திருக்கலாம்லா?"

"நாளைக்கு அங்கன உலை வைக்கப்போறது நான்லா, மாமி. பத்திரத்துல ஒங்க கையெழுத்தும் வேணும்."

"போடமாட்டேன்னு சொன்னா?"

"அப்போ நான் வாங்கல."

ஜுபைதா பீவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் மருமகளிடம் மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"முதல்ல வீட்டைப் பாக்கணும்" என்றார்.

இருவரும் திருச்செந்தூர் பஸ்ஸில் காயல்பட்டினத்துக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைத் தாண்டும்போது ஜுபைதா பீவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபர்ஹத் செய்யிது அகமதுக்குப் போன் போட்டு வீட்டைத் திறந்துவைக்கச் சொன்னாள். கூட யார் வருகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து "வரச்சொல்லு" என்று மட்டும் கேட்டது. நடுவில் உசாமா இரண்டு முறை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

தெருவில் மதிய வெயில் கொளுத்தியது. வாசலில் நின்றிருந்த செய்யிது அகமது தங்கச்சியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். ஜுபைதா பீவி அவருக்கு ஸலாம் சொன்னார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போனார். அவர் முன்கட்டைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடக்கிற சத்தம் வெளியே கேட்டது.

நிழல் வீட்டுக்குள்தான் இருந்தது. செய்யிது அகமது படியில் காலை வைக்கப் போனவர் பின்வாங்கி, ஃபர்ஹத்துக்குப் பக்கத்தில் தெருவில் இறங்கி நின்றார். விற்க வந்தவரும் வாங்க வந்தவளும் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். உள்ளேயிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை.