கோட்டைச்சாமி பார்த்த கம்பெனி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வியாபாரி ஒரு தோட்டத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், விலை ஏறிவிடும். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் இன்னும் ஏறும். அந்தப் பழக்கத்தை அப்படியே பங்குச்சந்தைக்கும் கொண்டுபோன புத்திசாலிகள் எங்கள் ஊர்க்காரர்கள்.

2007இல் ஒரு நாள், கம்பம் ஷேர் ஆபீஸில் வியாபாரி கோட்டைச்சாமி டிவியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று அதன் மூலையில் தெரிந்த மணியைத்தான் பார்த்தார். அந்நேரம் பார்த்து, கீழே ஏதோ ஒரு குழாய் கம்பெனியின் பெயர் ஓடியது.

"அண்ணன் அதத்தான் பாத்தாக!" என்றான் அங்கே நின்ற ஒருவன்.

"மணி பாத்தேம்ப்பா" என்றார். மறைக்கிறார் என்று முடிவுகட்டி ஆளாளுக்கு வாங்கினார்கள். அதுவரை சீந்துவாரில்லாத பங்கு. நாலு பேர் வாங்கினாலே எகிறும், எகிறியது. ஒரு மாதத்தில் கோட்டைச்சாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் வாங்குகிறார்களே, விஷயம் இல்லாமலா? மகள் சினேகாவின் காலேஜ் பணத்தைப் போட்டு அவரும் வாங்கினார். பாவம், தன் பார்வையைத் தானே நம்பிவிட்ட மனுஷன்.

ஃபீஸ் கட்டும் நாள் நெருங்கியது. கம்பத்தில் விற்றால் அவரைப் பார்த்து ஊரே விற்கும், விலை கவிழ்ந்துவிடும். யாருக்கும் தெரியாமல் அந்த ஷேர் ஆபீஸின் தேனிக் கிளைக்குப் போனார். அங்கே அவருடைய தங்கை புருஷன் நாகராஜ் உட்கார்ந்திருந்தார். போர்வெல் போட வைத்திருந்த பணத்தில் வாங்கியவர் அவர். தண்ணீரில்லாமல் தோட்டத்தில் திராட்சைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. அவரும் விற்கத்தான் ஒளிந்து வந்திருந்தார்.

கம்ப்யூட்டரில் இருந்த மகாலட்சுமி நிமிர்ந்தாள். "இன்னிக்கு வாங்குறதுக்கு ஒரே ஆளுதாண்ணே இருக்காக. யாரோடதப் போடட்டும்?"

"மாப்ளயோடதப் போடும்மா" என்றார் கோட்டைச்சாமி.

விற்றுப்போனது. அதோடு அந்தப் பங்கைக் கேட்க நாதியில்லை.

"நீங்க விக்கலையா மச்சான்?"

"நான் விக்கவா வந்தேன்? சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நாகராஜின் முகம் மாறிவிட்டது. "அப்ப இன்னும் ஏறப்போகுது! ஏம்மா, வித்ததத் திரும்ப வாங்கிப் போடு!"

கோட்டைச்சாமி நாகராஜின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "சினேகா ஃபீஸுக்கு விக்கத்தான் மாப்ள வந்தேன். இனிமே இத யாரு வாங்குவா?" நாகராஜ் மகாலட்சுமியிடம் வாங்க வேண்டாமென்று கையைக் காட்டினார். இந்த விஷயத்தில் அவர் சொன்னதை ஒருவர் நம்பியது அதுதான் முதல் தடவை.

"பெறகு எதுக்கு என்னய முந்தி விட்டீக?"

"ஒங் கொடி காயுதுல்ல" என்றார்.