ஞகரத்தின் நடுக்கம்

அந்தப் பட்டறையில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோரும் கடைப்பிடித்த விதி ஒன்று இருந்தது: ஓர் எழுத்து யார் கையால் ஆனது என்று சொல்லக் கூடாது. எழுத்துருவின் கீழே முதலாளியின் பெயர் மட்டுமே நிற்கும்.

விளக்கெரித்தால் செலவு என்பதால் வேலை விடியலோடு தொடங்கும். கிழக்குச் சன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் ஐந்து பேர் முதுகு கூனிக் குனிந்திருப்பார்கள். கடைப்பலகைகளுக்கும் சுவரொட்டிகளுக்குமான பெரிய எழுத்துகள் அவை. கோடு முடியுமிடமெல்லாம் சிறு பாதம், வளைவுகளில் கொடிச் சுருள், ஓரங்களில் நெடுங்காலம் அச்சில் தேய்ந்தது போன்ற சிதைவு. பிறக்கும்போதே கிழடுதட்டியிருக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

சுருள் வரைபவளைச் சுருளக்கா என்பார்கள். மாதக்கணக்கில் தூரிகை பிடித்து அவள் மணிக்கட்டு வீங்கி, விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. முதன்முறை 'ஞ'வின் ஓரம் அதிர்ந்தபோது தாளைக் கிழித்தெறியவே எடுத்தாள். எட்டிப் பார்த்த முதலாளி, தான் கேட்ட பழமை இதுதான் என்று பூரித்து, எல்லா எழுத்தும் இப்படியே வரட்டும் என்றார். அன்று முதல் அவளுக்கு நோயே வேலையாயிற்று.

எழுத்துகள் முடிந்தன. இனி அவற்றுக்கு நேர்கோட்டு நிழல் போட வேண்டும். நடுக்கம் அதற்கு ஆகாது. நேற்று மாலை முதலாளி அவளை அழைத்தார்.

"நாளையோட நின்னுக்கம்மா. நான் கேட்டது வயசான எழுத்து, வயசான கை இல்லை."

"இந்தக் கைக்கு இங்கதான சார் வயசாச்சு" என்றாள்.

எழுத்துகளுக்கிடையே இடைவெளி அமைப்பவனுக்குச் சந்து என்று பட்டப்பெயர். தூரிகை கழுவும் தொட்டியடியில் அவன் முணுமுணுத்தான்: "இன்னைக்கு அக்கா கை, நாளைக்கு என் கண்ணு. அவர் கழட்டிப் போட நம்மகிட்ட இன்னும் நிறைய இருக்கு." அக்கா இல்லாவிட்டால் எவரும் தூரிகையைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

இன்று காலை எழுத்துருவை வாங்கவிருப்பவர் வந்தார். 'ஞ'வை வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஓரத்து நடுக்கத்தை வியந்தார். தடித்த வடிவமும் வேண்டும், நடுக்கம் மாறாமல், என்றார்.

முதலாளி தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பழக்கம்தான் சார். கை தானா போகும்."

சந்து தூரிகையைக் கீழே வைத்தான். அடுத்த மேசையிலும் ஒன்று வைக்கப்பட்டது, அதற்கடுத்ததிலும்.

"என்னப்பா, மை தீர்ந்துடுச்சா?" என்றார் முதலாளி.

"மை இருக்கு சார். கையைத்தான் நீங்க நிறுத்திட்டீங்க" என்றான் சந்து.

யார் கை என்று வந்தவர் கேட்டார். முதலாளியின் பார்வை மேசை மேசையாகப் பாய்ந்தது. யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற அதன் பொருளை அறியாதவர் அந்த மேசைகளில் எவருமில்லை. சுருளக்கா மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடி எழுந்தாள். மற்ற நால்வரும் அவளோடு எழுந்தார்கள்.

"என் கை சார்" என்றாள். "இந்த 'ஞ' நான் வரைஞ்சது."