பாசி எரிந்த அடுப்பு

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனிடம் உயிரைக் கேட்டாலும் கேட்கலாம், சாணத்தைக் கேட்கக்கூடாது. பூவரசங்குளம் என்ற ஊரில் காணி எடுத்துக் குடியேறிய பிறகும் சிற்றம்பலம் அப்படித்தான். விவசாயப் போதனாசிரியர் வீட்டு வளவில் குழி கட்டி, அதன்மேல் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து, "சாணத்தைக் கரைச்சு ஊத்துங்கோ, அடுப்புக்கு வாயு வரும்" என்று சொல்லிப் போனார். சிற்றம்பலம் ஒரேயொரு ஓலைக் கடகம் சாணம்தான் கொடுத்தார்.

"மிச்சம் மிளகாய்க்கு."

ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்த மனைவி விமலேஸ்வரிக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. சாணம் அழுகினால் வாயு வருமென்றால், பாசி அழுகினால் வராதோ? கடகத்தோடு குளத்துக்குப் போனாள். பாசி மூடிய தண்ணீரில் மீன்கள் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நாளும் பாசியை வழித்து வந்து குழியில் கொட்டினாள்.

"என்ன, பாசியிலை சொதி வைக்கப் போறீரோ?" என்று சிற்றம்பலம் சிரித்தார்.

வாயு சேரச் சேர மெல்ல மெல்லத் தொட்டி எழும்பியது. குசினி அடுப்பில் நீலச் சுவாலை பிடித்தது. பாசி விலகிய குளத்தில் மீன்கள் மூச்செடுத்துக் கீழே போயின. குழியிலிருந்து வழிந்த கரைசல் பட்ட மிளகாய்க்கன்றுகள் மட்டும் கரும்பச்சையாகத் தழைத்தன.

சிற்றம்பலம் வாளியோடு குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சேரும், அந்தக் கரைசலிலை கொஞ்சம்..."

"ஒரேயொரு வாளிதான்," என்றாள் விமலேஸ்வரி, அடுப்பிலிருந்து தேத்தண்ணிக் கேத்தலை இறக்கியபடி. "மிச்சம் என்ரை கத்தரிக்கு."

சிற்றம்பலம் வாளியைக் கீழே வைத்தார். மாட்டுக்கொட்டிலுக்குப் போய், கடகம் நிறையச் சாணத்தோடு திரும்பி வந்தார்.