சம்பந்திச் செடி

செடி ஆராய்ச்சிக்காரர்களுக்கு இருக்கிற ஒரே அதிகாரம், புதிதாகக் கண்டுபிடித்த செடிக்குப் பெயர் வைப்பது. நம் ஆராய்ச்சிக்காரன் அதை எடுத்த எடுப்பிலேயே தன் அம்மாவுக்குச் செலவழித்துவிட்டான். காற்று வீசும் பரந்த புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு நெடுநெடுவென வளரும் நீலப்பூச் செடிக்கு அம்மாவின் பெயர். அம்மா அதன் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதே வீட்டில்தான் அவன் மாமியாரும் இருந்தார். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஆகவே, மலையுச்சிப் பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கிடந்த ஒரு நீலப்பூச் செடியைக் கண்டதும் அவன் துள்ளிக் குதித்தான். எப்போதோ மலை மெல்ல மெல்ல எழும்பியபோது, புல்வெளிச் செடிகள் சில மேலே குடியேறி, குளிரில் குறுகி, சிகரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. இதுவும் அப்படிப் பிரிந்த ஒன்றுதான் என்பது அவன் கணக்கு. இதற்கு மாமியார் பெயர் என்று வாக்குக் கொடுத்தான்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரர் முதல் பல் டாக்டர் வரை ஒருவரையும் விடவில்லை. "என்னோடது உச்சியில இருக்கு. சம்பந்தியம்மாவோடது கீழே, ஆடு மேயற இடத்துல" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அவன் கொண்டுவந்த செடிகளில் ஒன்றைத் தொட்டியில் வைத்து, சமையலறை ஜன்னலில் குழந்தை மாதிரி வளர்த்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. மலைக்குளிர் இல்லாத ஜன்னலில் செடி நிமிரத் தொடங்கியது. முதலில் விரல் அளவு, அப்புறம் ஒரு சாண். பெயரை அறிவிக்கும் கட்டுரையை அனுப்ப வேண்டிய வாரத்தில் கூடத்துப் படத்தை அப்படியே உரித்து வைத்தது போல நின்றது. ஆய்வகத்தில் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டான். பிரிவதாவது ஒன்றாவது! ஒரே இனம்தான், குளிருக்கு ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் கூடாது, முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அவர்கள் தொழில் சட்டம். முடிவை ஆய்வகத் தலைவருக்கு அனுப்பிவிட்டான். மாமியாரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அத்தனை படித்த அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? விடிந்ததும் விடியாததுமாகக் கத்தரிக்கோலோடு சமையலறைக்குள் நுழைந்து, செடியின் நுனியை வெட்டிக் குள்ளமாக்கப் பார்த்தான்.

"மாப்பிள்ளை! என் தலையையா வெட்டறீங்க?"

கையும் களவுமாகப் பிடித்தது மாமியார். சத்தம் கேட்டு அம்மாவும் மனைவியும் ஓடிவந்தார்கள். அவன் திருதிருவென விழித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அப்போ உச்சியில இருக்கறதும் நான்தானா?" என்றாள் அம்மா, பல்லெல்லாம் தெரிய.

மாமியார் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தெருப் பூரா சொல்லிட்டேனே, மாப்பிள்ளை. இனி எப்படி வெளியில தலை காட்டுவேன்?" என்று கண் கலங்கினார்.

"அத்தை, அது வந்து..." என்று அவன் ஆரம்பிக்கையில் போன் அடித்தது. தலைவர். அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"உன் செடி நம்ம ஆய்வக அலமாரியில காய வெச்சுப் பாதுகாக்கற பழைய செடியோட அச்சு அசலா ஒத்துப்போகுதுப்பா. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பேர் வெச்சுட்டார். உங்க அம்மா பேரும் நிக்காது."

"யார் பேர் சார் வெச்சிருக்கார்?"

"அவர்கூட மலையேறின நாயோட பேர்."

அம்மாவின் பல் மறைந்தது. மாமியார் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். இருவரும் தோளோடு தோள் நின்று அவன் பார்த்ததே இல்லை.

"கேட்டீங்களா சம்பந்தி? நாயாம்!"

"கேட்டேன் சம்பந்தியம்மா. இவனைப் பெத்த வயிறு பத்தி எரியுது."

"இவருக்குப் போய் என் பொண்ணைக் குடுத்தேனே!"

இருவரும் சேர்ந்து அவன் மலையேறும் பையை எடுத்து வந்து கையில் திணித்தார்கள்.

"போடா. ரெண்டு செடியோட வா. இல்லேன்னா வராதே" என்றாள் அம்மா.

"ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கணும், மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, அதுவரை வாயே திறக்காத மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, மூணா எடுத்துட்டு வாங்க. எனக்கும் ஒரு பேர் இருக்கு."