நாற்பதாவது அட்டை

தியாகராய நகரில், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில், அரசாங்கத்தின் கலைச்சொல் குழு பத்து வருடமாக உட்கார்ந்திருந்தது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடிப்பது அதன் வேலை. கீழே குக்கர் விசில் சரியாக அடிக்கிறதா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே மூன்று பெரியவர்கள் சொற்களைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். எந்தச் சோதனை ஊருக்கு அதிகம் பயன்பட்டது என்று கேட்டால் சுந்தரவல்லி பதில் சொல்ல மாட்டாள். அவள் அந்தக் குழுவின் தட்டச்சர்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. அதை அடிப்பது சுந்தரவல்லி. கீழ்மூலையில் 'சு.வ.' என்று சுருக்கொப்பமும் தேதியும் போடுவாள். மூன்று பேரும் கையெழுத்திட்டால் அது அரசுப் பதிவு, நம்பர் விழுந்து இழுப்பறைக்குப் போகும். கையெழுத்து விழாத அட்டை வெறும் காகிதம். வியாழக்கிழமைதோறும் கூட்டம்.

அவள் வேலை தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் எண்பத்தொன்பது நாள். இப்படிப் பத்து வருடம். அந்த இடைவெளி நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. ஆனால் வேலைக்கு வராமலும் இருக்கக்கூடாது. "நாளைக்கு உனக்கு வேலை கிடையாதும்மா, மறக்காம வந்துடு" என்பார் தலைவர் சங்கரன். மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தான் சொன்னதில் ஏதாவது இடிக்கிறதா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. சுந்தரவல்லியும் திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் ஏறி வந்து, கூலியில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பத்து வருடம் பூர்த்தி செய்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரமாக்கப்படுவார்கள். சுந்தரவல்லி சேர்ந்தது எண்பத்தேழு ஏப்ரல் முதல் தேதி. கணக்கு ஒரு நாள்கூடப் பிசகாமல் சரியாக விழுந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்பது. இது போனால் வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது. படுக்கையில் கிடக்கும் கணவனுக்கும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும் அவள் சம்பளம்தான் சோறு.

வில்லங்கம் எங்கே என்றால், குழுவின் வேலை முடியப்போகிறது. அகராதி இசட் வரை வந்தாயிற்று. தகராறு என்று ஒதுக்கி வைத்த சொற்களும் ஒவ்வொன்றாய்த் தீர்ந்து, மிச்சம் ஒன்றே ஒன்று: புரொலாங்கேஷன். பிப்ரவரி ஆறாம் தேதி அதற்கான அட்டையைச் சுந்தரவல்லி அடித்து வைத்தாள். "இன்னிக்கே முடிச்சுடுவோம். பெங்களூர்ல பொண்ணு கூப்பிட்டுண்டே இருக்கா" என்றார் சங்கரன். முடித்தால் குழு கலையும். குழு கலைந்தால் அவளும் வீட்டுக்கு. பத்து வருடத்துக்கு ஐம்பத்து மூன்று நாள் குறையும்.

"இதுல என்ன இருக்கு? நீட்டிப்பு. எழுதிக்கோம்மா" என்றார் சங்கரன்.

மற்ற இரண்டு பேரும் தலையாட்டப் போனார்கள். சுந்தரவல்லி பத்து வருடத்தில் முதல்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தாள்.

"மேடம், பிரசவ வலிக்கும் அதே சொல்தானா?"

டாக்டர் சூடாமணி அடையாறில் நாற்பது வருடம் பிரசவம் பார்த்தவர். ஆட்டப்போன தலை நின்றது. "அதானே! வலி இருபது மணி நேரம் போகுதுன்னா யாராவது உட்கார்ந்து அதை நீட்டிக்கிறாங்களா? அது தானா நீளுது. நீட்டிப்புன்னு போட்டா டாக்டர் மேல கேஸ் போடுவாங்க."

"எங்க துறையில தானா எதுவும் நீளாது" என்றார் பொறியாளர் மாணிக்கவாசகம், கட்டட ஒப்பந்த வழக்குகளில் தலை நரைத்தவர். "வேலை தள்ளிப்போனா யாரோ ஒருத்தர் இழுத்தடிச்சிருக்கார்னு அர்த்தம். யாருன்னு கண்டுபிடிக்கத்தானே சண்டையே! இழுப்புன்னு போடுங்க."

"இழுப்பா? ஆஸ்துமாக்காரன் அடிக்க வருவான்!"

சங்கரனுக்கும் சூடு ஏறிவிட்டது. "ஓர் எழுத்து தன் அளவைத் தாண்டி ஒலிச்சா அதுக்கு அளபெடைன்னு அந்தக் காலத்துலேயே பேர் வச்சாச்சு. அதை விட்டுட்டு இழுப்பாம், வலியாம்!"

அன்று பெங்களூர் ரயில் தப்பியது. கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சுந்தரவல்லியே ஒரு வாக்கியம் யோசித்து அடித்தாள்: 'பொருள் மேலும் ஆழ்ந்து ஆராயப்பட வேண்டியிருப்பதால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.' மூவருக்கும் அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்கப்புறம் ஏழு வியாழக்கிழமை அவள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டாள். மகளின் வடிவியல் புத்தகத்திலிருந்து, கோட்டை அதன் முனைக்கு அப்பால் நீட்டுவதற்கும் அந்தச் சொல்தான் என்று ஒருவாரம் எடுத்துக் கொடுத்தாள். இதயத் துடிப்பின் வரைபடத்தில் இடைவெளி அதிகமாவதற்கும் அதே சொல் என்று மறுவாரம். வங்கிக் கடன் தவணையைத் தள்ளிவைப்பதற்கும் அதுதான் என்று அதற்கடுத்த வாரம். துறைக்கு ஒரு சொல் போட்டு ஒரே அட்டையில் நாலு வரி எழுதினால் தீர்ந்தது என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். பதினாலாயிரம் அட்டை அடித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டிருந்தாள். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பத்து வருடம் இடைவெளி நாளில் கூலியில்லாமல் வேலை வாங்கியவர்களுக்கு உறுத்தாத மனசு தனக்கு மட்டும் எதற்கு என்று அதட்டி உட்கார வைத்தாள்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது. குழு கலையவில்லை. பொன்னுரங்கத்துக்குத் தன் காசில் காபி வாங்கிக் கொடுத்தாள். அவன் ஆபீஸ் பியூன். "இன்னாக்கா, லாட்டரி வுய்ந்துச்சா?" என்றான்.

விண்ணப்பம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அங்கே பிரிவு அலுவலர் நாகராஜ். கெட்டவரில்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்து வருஷம் சரிம்மா. தொடர்ச்சியா இல்லையே? ஒரு நாள் ஒரு நாளா நாற்பது இடைவெளி இருக்கு" என்றார்.

"அன்னிக்கெல்லாம் வேலை செஞ்சேன் சார்."

"பதிவு இருக்கா? உங்க தலைவர் இப்போ எழுதிக்கொடுக்கிற சர்ட்டிபிகேட் செல்லாது. அந்தந்தத் தேதி போட்ட அரசுப் பதிவு வேணும். மே பதினஞ்சு கடைசி."

சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவா இல்லை? மூன்று நாள் இழுப்பறைகளைக் குடைந்தாள். ஒவ்வோர் இடைவெளி நாளுக்கும் ஓர் அட்டை கிடைத்தது, கீழே 'சு.வ.', தேதி, மூன்று கையெழுத்து. முப்பத்தொன்பது எடுத்து அடுக்கினாள். நாற்பதாவது இடைவெளி எந்தத் தேதி என்று பார்த்தாள். பிப்ரவரி ஆறு.

அன்றைய கூட்டக் குறிப்பும் அவள் அடித்ததுதான், ஆனால் குறிப்பில் 'சு.வ.' போடும் வழக்கமில்லை. அட்டை என்று அன்று அடித்தது ஒன்றே ஒன்று. அது இன்னும் மேஜைமேல்தான் கிடந்தது, ஒரு கையெழுத்துக்கூட இல்லாமல்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இது கொஞ்சம் நிதானமாக, வாரத்துக்கு ஒருமுறையாகச் சுட்டிருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

கெடுவுக்கு முந்திய கடைசி வியாழக்கிழமை, மே எட்டு. மூவரும் உட்காருமுன்பே சுந்தரவல்லி எழுந்து நின்றாள்.

"சார், துறைக்கு ஒண்ணாப் போட்டுடலாம். ஒலிக்கு அளபெடை, கோட்டுக்கு நீட்சி, வலிக்கு நீளல், ஒப்பந்தத்துக்கு நீட்டிப்பு. நாலையும் இந்த அட்டையிலேயே அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

சங்கரன் அட்டையை வாங்கிப் படித்தார். நல்ல பட்டியல் என்று அவர் முகம் சொல்லியது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு சுலபமா முடிக்கறதுக்கா மூணு மாசமா உயிரை விட்டுண்டிருக்கோம்? பெங்களூரை நானே வேண்டாம்னுட்டேன். இந்த ஒரு சொல்லை வச்சே தனிப் புஸ்தகம் போடலாம்னு எழுதி, குழுவுக்கு ரெண்டு வருஷம் நீடிப்பும் வாங்கிட்டேன்."

"எனக்கு இந்த அட்டை வேணும் சார். வேலை நிரந்தரமாகணும்னா இதுல கையெழுத்து வேணும்."

"உனக்கென்னம்மா கவலை? குழு இருக்கற வரைக்கும் நீ இருக்கே."

சுந்தரவல்லி டாக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவசரப்பட்டுத் தப்பான சொல்லைப் போட்டுடக் கூடாதும்மா. நீதானே எத்தனை உதாரணம் கொண்டுவந்தே?" மாணிக்கவாசகம் தலையாட்டினார். பத்து வருடத்தில் மூவரும் தர்க்கம் இல்லாமல் ஒத்துப்போனது அன்றுதான்.

"வழக்கமான அந்த வாக்கியத்தையே அடிச்சுடு" என்றார் சங்கரன்.

அவள் அடித்தாள். பார்க்காமலே விரல் போயிற்று. 'பொருள் மேலும் ஆழ்ந்து ஆராயப்பட வேண்டியிருப்பதால்...' காகிதத்தை உருவி நீட்டினாள். ஒருவர் பேனாவை மற்றவர் வாங்கி, மூன்று கையெழுத்தும் ஒரே நிமிடத்தில் விழுந்தன.

பொன்னுரங்கம் தலைமை அலுவலகத்துக் கவரோடு மாடியேறி வந்தான். "இன்னாக்கா, மூஞ்சி இப்படி கீது? உனக்கு மறுக்கா எண்பத்தொம்பது நாள் ஆர்டர் வந்துகீது. சந்தோசமா இரு!"